இசைப்பிரியா போட்ட உயிர்க் கணக்கு

வடக்குத்தில் சாமிக்கண்ணு வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தண்ணி டேங்கை ஒட்டி, வாசலில் முருங்கை நிற்கிற வீடு. சாமிக்கண்ணு நெய்வேலிச் சுரங்கத்துப் பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருபத்தாறு வருஷம் நின்றவர். அவர் பெண்சாதி வீராயி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, நாலு அண்ணன்மாருக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி. அதனால் இன்றைக்கும் அவள் ஒருத்தி பேசினால் நாலு பேர் பேசின மாதிரி இருக்கும். இவர்களுக்கு ஒரே பெண் இசைப்பிரியா. பெயர் வைத்தது மூன்றாவது மாமன். அவருக்குப் பாட்டு என்றால் உயிர், பாடத்தான் வராது.

சாமிக்கண்ணுவின் அக்கா அஞ்சலையை வளையமாதேவியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடவுக் காலத்தில் முப்பது பெண்கள் வயலில் இறங்கினால், எவள் எத்தனை முடி நாற்று நட்டாள், எவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் நிமிர்ந்தாள் என்று சாயங்காலம் கரையேறும்போது ஒன்று விடாமல் சொல்வாள் அந்த அஞ்சலை. பள்ளிக்கூடப் பக்கமே போனவள் இல்லை. அத்தையின் புத்திதான் மருமகளுக்கு வந்திருக்கிறது என்று வீராயியே ஒத்துக்கொள்வாள். நாத்தனாரை அவள் மெச்சிய விஷயம் அது ஒன்றுதான்.

இசைப்பிரியா விருத்தாசலம் காலேஜில் கணக்குப் படித்தாள். வேலை கிடைத்ததோ டவுன்ஷிப்பை ஒட்டின ஒரு சின்ன கிளினிக்கில். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்த்து, நாடி எண்ணி, எடை போட்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். ஏழு வருஷமாக அதையே செய்கிறாள். ஷிப்டு முடிந்து நேரே வருகிறவனையும் தூங்கி எழுந்து வருகிறவனையும் மணிக்கட்டைத் தொட்டதுமே பிரித்துச் சொல்லிவிடுவாள்.

அங்கேதான் நெடுமாறன் கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தான். அவன் அப்பா பர்மனென்ட் ஃபிட்டர், பதினெட்டாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ். பையன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எடை போடும்போது அவன் பையிலிருந்து கோலிக்குண்டு மாதிரி ஒன்று விழுந்து உருண்டது. இசைப்பிரியா எடுத்துப் பார்த்தாள். கோலி இல்லை. இருபது முகம், ஒவ்வொரு முகத்திலும் ஒரு எண்.

"இது இன்னாங்க?"

"டைஸுங்க. நாங்க ஞாயித்துக்கிழமை ஒரு விளையாட்டு ஆடுவோம். நான் கதை சொல்லுவேன், மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கு ஒருத்தரா நிப்பாங்க. வாள் வீசுனா பட்டுதா இல்லையான்னு இது சொல்லும். பட்டா உயிர் குறையும். உயிர் பூஜ்யம் ஆனா ஆள் காலி."

"உயிர் எவ்ளோன்னு யாரு கணக்கு வச்சுக்கறது?"

"யாரும் ஒழுங்கா வச்சுக்கறதில்ல" என்றான் நெடுமாறன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இசைப்பிரியா ஒரு நீளநோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பதினெட்டாவது பிளாக்குக்குப் போய்விட்டாள். அங்கே நெடுமாறனோடு ராஜேந்திரன் இருந்தார். நாற்பது வயசு, கிரேன் ஓட்டுகிறவர், பர்மனென்ட், வாய்க்குப் பூட்டு கிடையாது. விளையாட்டில் அவர் மந்திரவாதி. இசைப்பிரியாவின் ஆளுக்குப் பெயர் கேட்டார்கள். கேடயம் பிடிக்கிற பெண். சட்டென்று வாயில் வந்தது அம்மா பெயர். வீராயி என்றே எழுதிக்கொண்டாள்.

அதில் ஒரு நாள் வேடிக்கை ஆகிப்போனது. ஆட்டம் அன்றைக்கு வடக்குத்து வீட்டில். அடுப்படியில் வீராயி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கூடத்திலிருந்து ராஜேந்திரன், "போச்சு! வீராயி செத்தா!" என்று கத்தினார்.

வீராயி அரிவாள்மணையோடு எழுந்து வந்துவிட்டாள். "எவன்டா அவன், என் வூட்டுல குந்திகினு என்னையே சாவடிக்கிறது?"

"நான் இல்லக்கா, பூதம்" என்றார் ராஜேந்திரன், காலை மேலே தூக்கிக்கொண்டு.

"பூதத்துக்கு என் பேரு எப்டித் தெரியும்?"

இசைப்பிரியா நோட்டைப் பார்த்துவிட்டு, "சாவலம்மா. இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். வீராயி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்குள் கால் வைத்ததும், "நான் எவ்ளோல இருக்கேன்?" என்று கேட்பது அவள் வழக்கமாகிவிட்டது.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. நெய்வேலி ஆட்டத்தில் யாருமே சாகவில்லை. அதில் இசைப்பிரியாவுக்குப் பெருமை, கணக்கு ஒழுங்காக இருப்பதால்தான் என்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டியிலிருந்து பிரவின்குமார் வந்தான், நெடுமாறனோடு காலேஜில் படித்தவன். அங்கே அவனும் ஒரு கூட்டம் சேர்த்து இதே விளையாட்டை ஆடுகிறான். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து, வெளிநாட்டுப் புத்தகத்தை வைத்து ஆடுவதை விட்டுவிட்டு, தமிழில் சொந்தமாக ஒரு விதிப்புத்தகம் போடுவதென்று பேச்சு. உயிர் பற்றின அத்தியாயம் நெய்வேலிக்கு. அதை எழுதப்போகிறவள் இசைப்பிரியா.

பிரவின்குமார் சும்மா உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தான். ராஜேந்திரனின் மந்திரவாதிக்கு உயிர் மூன்றுதான் மிச்சம். "மந்திரவாதி காலையில ஃபர்ஸ்ட் ஷிப்டு படுத்தாச்சு. இப்ப செகண்ட் ஷிப்டு படுத்துக்கறேன்" என்றார் அவர். இசைப்பிரியா மூன்றை அழித்துவிட்டு முழுசாகப் பதினெட்டு என்று எழுதினாள்.

"இருங்க இருங்க" என்றான் பிரவின்குமார். "என்ன எழுதுனீங்க?"

"எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்தா உயிர் முழுசா ஏறும்னு புக்குல இருக்குதே."

"சரி. ஒரு நாளைக்கு எத்தினி தரம்?"

"மூணு" என்றாள் இசைப்பிரியா. அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஷிப்டு. ஒரு நாளுக்கு மூன்று ஷிப்டு. பிறந்ததிலிருந்து ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு எட்டு மணி என்றால் வேறென்ன தோன்றும்? கிரேன் ஓட்டுகிற ராஜேந்திரனுக்கும் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நெடுமாறனுக்கும்கூட வேறொன்றும் தோன்றவில்லை.

பிரவின்குமார் புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஒரு நாளைக்கு ஒரே தரம் என்று அங்கே ஒற்றை வரி கிடந்தது. பிறகு அவன் சிரித்தான் பாருங்கள், எதிர் குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "மச்சான், உங்க ஊர்ல பூதத்துக்கும் ஷிப்டு உண்டா? ஓவர்டைம் போடுமா?"

ராஜேந்திரன்கூடச் சிரித்துவிட்டார். இசைப்பிரியாவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஒன்றரை வருஷம் யாரும் சாகாததற்குக் காரணம் அவள் கணக்கு இல்லை, அவள் தப்பு.

பிரவின்குமார் கெட்டவன் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நயமாகத்தான் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. உயிர் அத்தியாயத்த நாங்களே எழுதிக்கறோம். நீங்க ஊர், காடு, பூதம் இதெல்லாம் எழுதுங்க."

நெடுமாறன் தலை குனிந்துகொண்டான். இசைப்பிரியா குனியவில்லை. "பாஞ்சு நாள் குடுங்க. புதுசாக் கணக்குப் போட்டுகினு வரேன். உங்க ஊர்ல, உங்க ஆளுங்கள வச்சு ஆடிப் பாருங்க. ஒரு எடத்துல ஒடைஞ்சாலும் நீங்களே எழுதுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"டீல்" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து முதல் மூன்று நாள் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. புத்தகத்தில் இருக்கிறபடி ஒரு நாளைக்கு ஒரு தரம் என்று திருத்தினால் முடிந்தது. ஆனால் அவளுக்கு அந்த விதியே இப்போது பிடிக்காமல் போயிற்று. ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் வெட்டுக்காயம், முறிந்த எலும்பு எல்லாம் சரியாகிவிடுமாம். ஏழு வருஷமாகக் கையைப் பிடித்துப் பார்க்கிறவள் அதை எப்படி நம்புவாள்? அவள் கண்ணெதிரே அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இடது முட்டி மடங்காது. அது மடங்காமல் போனது கடலூர் மாவட்டமே தண்ணீரில் மிதந்த அந்தப் பெரிய மழை வருஷத்தில்.

சுரங்கத்துக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டே இருக்கும். அதை இறைத்து வெளியே தள்ளுவதற்குத்தான் பம்ப். நின்றால் தரையைப் பொத்துக்கொண்டு தண்ணீர் ஏறிவிடும். அதனால் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டு ஆள், வந்து இடத்தை வாங்கிக்கொள்ளாமல் யாரும் வேலையை விட்டு இறங்கக் கூடாது. பர்மனென்ட் ஆனாலும் கான்ட்ராக்ட் ஆனாலும் அந்த ஒன்று எல்லாருக்கும் பொது. அன்றைக்கு அப்பாவை மாற்றிவிட வேண்டியவர் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மந்தாரக்குப்பத்தில் குடியிருந்தவர். ஓடை உடைத்துக்கொண்டு ரோட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டது, மனுஷன் எப்படி வருவார்? சாமிக்கண்ணு மூன்று ஷிப்டு ஒரே நிலையாக நின்றார்.

"ப்பா, அன்னிக்கு மூணாவது ஷிப்டுல எப்டி இருந்துது?"

"எப்டி இருக்கும்? நின்னுகினு இருந்தேன்."

"வலிச்சுதா?"

"ரெண்டாவது ஷிப்டு வரைக்கும் வலிச்சுது. அப்பால காலு என்துதானான்னே தெரியல. உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன்னு மட்டும் தெரிஞ்சுது. அதனால உக்காரல."

"அப்பால வந்து படுத்ததும் சரியாயிடுச்சா?"

சாமிக்கண்ணு டிவியிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார். "சரியாயிருந்தா ஏன் இத்த நீட்டிகினு குந்திகினு இருக்கேன்?"

இசைப்பிரியா எழுந்துபோய் நோட்டை எடுத்தாள். மறுநாள் கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில்கூடப் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளில் கணக்கு கைக்கு வந்தது.

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு எண். மேல் எண், அவன் உடம்பு தாங்குகிற அளவு. கீழ் எண், இன்றைக்கு மிச்சம் இருக்கிற உயிர். கீழ் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும், ஏறும் இறங்கும். ஒரு நாளில் ஒரு ஷிப்டு ஓய்வு. அதில் மேல் எண்ணின் மூன்றில் ஒரு பங்குதான் கீழ் எண்ணில் திரும்ப ஏறும். கீழ் எண் பூஜ்யமானால் ஆள் விழுவான். ஆனால் அவன் கையில் ஒரு பொறுப்பு இருந்தால், ஒரு கதவோ கயிறோ காவலோ, "நான் இறங்கல" என்று சொல்லி நிற்கலாம். அடிகூட அவனை அப்போது சாய்க்காது. அப்படி நிற்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் மேல் எண்ணில் இரண்டு போகும். அதைப் பேனாவால் அடிக்க வேண்டும். எத்தனை நாள் படுத்தாலும் அது திரும்ப வராது. இன்னொருத்தன் வந்து அந்த இடத்தை வாங்கினால்தான் அவன் இறங்கலாம்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்து கடைசியில், "தப்பு" என்றார்.

"எங்க தப்பு?"

"ரிலீவர் வந்ததும் எறங்கிடறான்ற. அது எப்டி? எந்த பம்ப் சூடாவுது, எந்த வால்வு இழுக்குது, எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும். சொல்லாம எறங்குனா வந்தவன் இல்ல மாட்டுவான்?"

ஒப்படைக்க ஒரு சுற்று கூட வேண்டும் என்று அவள் எழுதிக்கொண்டாள். அதற்கும் மேல் எண்ணில் இரண்டு.

"அப்பனும் மவளும் எந்தக் குகையில மோட்டார் ஓட்றீங்க?" என்றாள் வீராயி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

பதினைந்தாம் நாள் பாண்டியில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகை. காலை பத்து மணி. நெடுமாறன் கதை சொல்ல உட்கார்ந்தான். ராஜேந்திரன் துணைக்கு வந்திருந்தார். இசைப்பிரியா நோட்டோடு ஓரத்தில். வாய் திறப்பதில்லை என்று சொன்னவள், விதியைக் கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். ஆடுகிறவர்கள் நாலு பேரும் பாண்டிக்காரர்கள். பிரவின்குமாருக்கு வேங்கை என்று ஒரு வாள்காரன், மேல் எண் இருபத்து நாலு. கூட்டத்திலேயே சின்னவள் சண்முகப்பிரியா, புதுசாகச் சேர்ந்த காலேஜ் பெண். அவள் ஆள் ஒரு மூலிகைக்காரி, உயிர் ஐந்துதான்.

கதை ஒரு பாதாளக் கோட்டையில். மேலே மதகுச் சக்கரம். அதை ஒருத்தன் அழுத்திப் பிடித்திருந்தால்தான் கீழே புதையல் அறையில் தண்ணீர் ஏறாது. வேங்கை சக்கரத்தைப் பிடித்தான், மற்ற மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். பிரவின்குமார் ஓட்டை கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு இருந்தான். வௌவால் பூதம் வந்தபோது தடுக்கவே இல்லை. வேண்டுமென்றே அடி வாங்கி பூஜ்யத்துக்கு வந்தான்.

"நான் இறங்கல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பாருங்க, இனிமே எனக்குச் சாவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிப்பேன். கணக்கு ஒடைஞ்சுதா?"

இசைப்பிரியா பேனாவை நீட்டினாள். "இருவத்தி நாலை அடிச்சுட்டு இருவத்தி ரெண்டு எழுதுங்க."

"பேனாவுலயா?"

"பேனாவுலதாங்க. திரும்ப வராது."

அவன் எழுதினான். கீழே போன அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் புதையல் பெட்டியைத் திறக்கிறார்களாம், பூட்டுக்கு டைஸ் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சுற்று. இருபது. இன்னொன்று. பதினெட்டு. மூன்று வருஷமாக வளர்த்த ஆள் வேங்கை. பிரவின்குமார் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

"டேய், மேல வாங்கடா."

"இர்றா, பொட்டி கனமா இருக்கு. தூக்கிகினு வர்றோம்."

"பொட்டியப் போட்டுட்டு வாடா!" பிரவின்குமார் நெடுமாறன் பக்கம் திரும்பினான். "நான் சக்கரத்த விட்டுட்டா என்ன ஆகும்?"

"நீ மயங்கி விழுவ, அவ்ளோதான். மேல் எண் அப்படியே நிக்கும். தண்ணி கீழதான் ஏறும்."

"மூணு பேரும்?"

"மூணு பேரும்" என்றான் நெடுமாறன்.

பிரவின்குமார் அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அடித்த எண்கள் மூன்றும் காகிதத்தில் மையாகக் காய்ந்துகொண்டிருந்தது. "நான் இறங்கல" என்றான். இந்தத் தடவை சாய்ந்து உட்கார்ந்து சொல்லவில்லை.

சண்முகப்பிரியா மூலிகைப் பையைக் கீழே போட்டாள். "அண்ணா, நான் வர்றேன். எத்தினி சுத்து ஆகும்?"

"மூணு" என்றான் நெடுமாறன்.

பதினாறு. பதினாலு. பன்னிரண்டு. சண்முகப்பிரியா படியேறி வந்து சேர்ந்தாள்.

"அப்பாடா, எறங்கறேன்."

"எறங்க முடியாதுங்க" என்றாள் இசைப்பிரியா. "ஒப்படைக்கணும். சக்கரம் எப்டி இருக்குன்னு நீங்க வாயால சொல்லணும். சொல்லாம எறங்குனா அவங்களால பிடிக்க முடியாது."

சிரிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிரவின்குமார் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சண்முகப்பிரியாவிடம் சொன்னான்: "இடது பக்கம் இழுக்கும்மா. கைய நம்பாத, தோளு குடு. மூணாவது பல்லு தேஞ்சிருக்கு, அது வர்றப்போ உதறும், அப்ப மட்டும் விட்றாத. பூதம் அந்த மூலையில குந்தியிருக்குது. சரியா?"

"சரிண்ணா. புடிச்சிட்டேன்."

பன்னிரண்டை அவனே அடித்துப் பத்து என்று எழுதினான். வேங்கை இறங்கினான். பெட்டிக்காரர்கள் இரண்டு பேரும் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏறி வந்து, மயங்கிச் சாய்ந்த வேங்கையைத் தூக்கிக்கொண்டார்கள். வெளியே வந்து சேர்ந்தபோது நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

பிரவின்குமார் தன் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "பதினாலு போச்சே. படுபாவி, பதினாலு." குரலில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் தூக்கலாக இருந்தது. "இந்தக் காகிதத்த லேமினேட் பண்ணணும் மச்சான்." பிறகு இசைப்பிரியாவைப் பார்த்தான். "ஒடைக்கத்தாங்க வந்தேன். ஒடையல. உயிர் அத்தியாயம் நெய்வேலிதான். இதெல்லாம் எந்த புக்குலேர்ந்து எடுத்தீங்க?"

"புக்கு இல்லங்க. எங்கப்பா பம்ப் ஹவுஸ்ல இருந்தாரு."

"அவரு பேரு?"

"சாமிக்கண்ணு."

"அப்ப அதான் விதிக்குப் பேரு. சாமிக்கண்ணு முறை. எழுதிக்கோடா நெடுமாறா."

"எங்க ஊரு பூதத்துக்கு ஓவர்டைமும் உண்டு, அதையும் எழுதிக்கோ" என்றார் ராஜேந்திரன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வாய்.

நாலு மாசம் கழித்துப் புத்தகம் அச்சாகி வந்தது. நாற்பத்தெட்டு பக்கம், மஞ்சள் அட்டை. இருபத்தொன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் சாமிக்கண்ணு முறை, எழுதியவர் சா. இசைப்பிரியா. சாமிக்கண்ணு அதை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அந்தப் பாண்டிப் பையன் கடைசி வரைக்கும் நின்னானா?"

"நின்னாம்ப்பா."

"சொல்லிக் குடுத்துட்டு எறங்குனானா?"

"எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு வரைக்கும் சொன்னான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டினார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனவர் கையில் மஞ்சள் அட்டை இருந்தது. இருபத்தாறு வருஷம் கான்ட்ராக்ட் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்த பெயரை அன்றைக்கு எட்டு பேருக்கு வாசித்துக் காட்டினார். மந்தாரக்குப்பத்து இசக்கிமுத்துவுக்குப் போனைப் போட்டு, "யோவ், நீ வராம போனதுக்கு எம் பேரு புக்குல வந்துருச்சுய்யா" என்றும் சொன்னார்.

வீராயிக்குப் பொறுக்கவில்லை. "உங்கப்பன் பேரு மட்டுந்தானா? நான் எங்க?"

இசைப்பிரியா கையில் இருந்த இன்னொரு பிரதியில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "எடுத்துக்காட்டு பூரா நீதாம்மா. பாரு, வீராயி. மேல் எண் பத்தொம்பது."

"பத்தொம்பதா? அந்தப் பாண்டிக்காரனுக்கு எவ்ளோ?"

"மொதல்ல இருவத்தி நாலு."

"எனுக்கு மட்டும் கொறச்சலா?"

"கொறச்சல் இல்லம்மா. ஊர்க் கதவப் புடிச்சுகினு, ஒப்படைச்ச சுத்தோட சேத்து மூணு சுத்து நின்னா வீராயி. சுத்துக்கு ரெண்டு, ஆறு போச்சு. மொதல்ல எவ்ளோ இருந்துதுன்னு பக்கத்துல பாரு, அடிச்சு வச்சிருக்கு."

வீராயி புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கோடு போட்டு அடித்த எண்ணை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இருபத்தைந்து.

"ஒண்ணு ஜாஸ்தி" என்றாள். புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அடுப்பில் குழம்பு கொதிப்பதையும் மறந்து, பக்கத்து வீட்டுப் படியேறிவிட்டாள்.